மூன்று பெயர், ஒரே தொட்டி

ஹெஸ்பெலரில் என் தபால் பாதையில்
வாக்கர்கள் பதினொரு வீடு.
ஃபுல்லர் இரண்டு. டக்கர் ஒன்று,
அதுவும் பல் வைத்தியர்; வெள்ளிக்கிழமை பூட்டு.

வாக்கர் என்றால் நடக்கிறவன் என்றுதான்
ஐந்து வருடம் நினைத்திருந்தேன்.
நாளுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் நடக்கிறவள் நான்;
என் பெயரை எடுத்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று
மழைநாட்களில் வைதும் இருக்கிறேன்.

அது நடை இல்லையாம். மிதி.
ஸ்பீட் ஆற்றங்கரையில், பழைய கம்பளி ஆலைச் சுவரில்
ஒரு பலகை சொல்கிறது.
முட்டை சான்ட்விச்சோடு நின்று வாசித்தேன்:
தறியிலிருந்து இறங்கும் துணி சல்லடை, காற்றுப் புகும்.
தொட்டியில் போட்டு, களிமண் கரைத்து,
ஊர் முழுக்கச் சேர்த்துப் புளிக்கவிட்ட மூத்திரம் ஊற்றி,
முழங்கால்வரை இறங்கி
இழையோடு இழை இறுகும்மட்டும் மிதிக்க வேண்டும்.
வடக்கு இங்கிலாந்தில் அவன் வாக்கர்.
தென்கிழக்கில் ஃபுல்லர். தென்மேற்கில் டக்கர்.
நாற்றம் எங்கும் ஒன்றே.

பிறகு ஆற்றுநீர் சுழற்றிய சம்மட்டிகள் வந்து மிதித்தன.
கால்கள் தொட்டியைவிட்டு ஏறின,
ஈரம் காயாமல் பெயரும் கூடவே ஏறியது.
கப்பலில் வந்தது. காணி எழுதியது.
வங்கி மேலாளரானது, ஹொக்கி அணித்தலைவரானது.
இப்போது அஞ்சல் பெட்டிகளில்
பித்தளை எழுத்தாய் மினுங்குகிறது.
ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை.

நாற்பத்து நாலாம் இலக்கத்து வெர்லின் வாக்கர்
ஜமேக்காவிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற தாதி.
பலகையைப் பற்றிச் சொன்னேன்.
பல் தெரியாமல் சிரித்தார்.
"துணி மிதித்தவன் என் ஆள் இல்லை, பிள்ளை.
என் பூட்டனின் தகப்பனை
மாடுகளுக்குக் கீழே, கோவேறு கழுதைகளுக்கு மேலே
கணக்கில் எழுதினவன்தான் வாக்கர்."
மின்கட்டணக் கடிதத்தை வாங்கிக்கொண்டு,
கதவைச் சாத்துமுன்:
"ஆனாலும் எழுபத்தாறு வருடம்
உடுத்தித் துவைத்தது நான். இப்போது எனக்கு அளவு."

என் அடையாள அட்டையில், குடும்பப் பெயர்: வேலன்.
அது அப்பா. குடும்பமும் இல்லை ஒன்றுமில்லை,
குடிவரவுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாய்க் கிடந்தது.
பிறப்புப் பதிவுக்குப் போன அன்று
வேலாயுதம் என்றுதான் சொன்னார்களாம்.
பதிவுகாரர் பேனையை நிறுத்தி,
"உங்கடை ஆக்களுக்கு வேலன் காணும்" என்றாராம்.

தொழிற்பெயர் எங்களுக்கும் இருந்தது.
பித்தளையில் யாரும் பொறிக்கவில்லை.
படலைக்கு வெளியே நிற்கவைத்துக் கூப்பிட்டார்கள்,
பிள்ளைப்பேற்றுத் துணியை எறிந்துவிட்டு.

போன செவ்வாய், புது வீட்டுத் தொடரில்
பதிவுப் பொதி ஒன்று.
கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து
"ஐயோ, தமிழே!" என்றார். மனமாரத்தான்.
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."
பிறகு, கையெழுத்துப் போடவேண்டிய பேனையைக்
கையில் வைத்துக்கொண்டே:
"ஊரிலை எவடம்?... ஓ. அப்பா ஆர்?"

இந்த நாட்டுப் பனியைவிட
எனக்குப் பழக்கமான கேள்வி.
கொழும்பு என்று தப்பியிருக்கிறேன்.
சின்னதிலேயே வெளிக்கிட்டிட்டம் என்று,
போன் அடிக்குது என்று.

விலாசம் வாசிக்கும் குரலில் சொன்னேன்:
"கட்டாடி வேலன். கரணவாய் தெற்கு."

சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது,
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாத சாமான்போல.
"இங்கை ஒரு கையெழுத்து" என்றேன்.
போட்டார். தேத்தண்ணி
மறுபடி பேச்சில் வரவில்லை.

அடுத்தது அறுபத்திரண்டு. வாக்கர்.
நாய் உண்டு, கவனம்.