பாதிக்குப் பாதி

சங்ககிரி பைபாஸ் ஓரம்
மூன்று நாளாக நிற்கிறது வண்டி.
ஒன்பது லட்சத்துப் பதினோராயிரத்தில்
மீட்டர் எண்ணுவதை விட்டுவிட்டது.
அதற்கப்புறம் ஓடினது
டோல் சீட்டுகளுக்குத்தான் தெரியும்.

"மாத்தோணும்ங்" என்கிறார் அர்த்தநாரி.
கொஞ்சம் பொறுத்து,
"மாத்தாமயும் உடலாமுங்.
உள்ள பல்லெல்லாம் தேஞ்சு கெடக்குது.
இப்ப அதுகளுக்கு நடுவுல
சமாதானம் பேசறதே இந்த அழுக்குத்தான்.
புதுசு ஊத்துனா
அத்தனையும் வாயத் தொறக்கும்."

நாக்பூருக்கு ஜவ்வரிசி, முந்நூறு மூட்டை.
ஃபைனான்ஸ்காரனுக்குப் பத்தாம் தேதி.
"கழட்டுங்க."

பிளக்கைத் திருகியும் முதலில் ஒன்றும் வரவில்லை.
பிறகு, கருகிய பாகுபோல,
அவசரமே இல்லாமல்.
காந்த முனையில் மயிர்மயிராய் இரும்பு.
தொட்டேன்.
தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல்
இரண்டாவதில் நான் பிடித்துக்கொண்டு வந்த ராத்திரிகள்
விரல் ரேகைக்குள் மினுங்கின.

பழசில் பாதியைப்
பனியன் துணியில் வடிகட்டினார்.
பாதி புதுசு, பாதி இது.
"எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங் இது"
என்று தானே சொல்லிக்கொண்டார்.

குமாரபாளையம் ரோட்டில் ஒரு சுற்று.
மூன்றாவது விழும்போது
மெல்லிசாய் ஒரு சிணுங்கல்.
முன்னாடியே இருந்ததா?
பாட்டை நிறுத்துகிறேன்.
கண்ணாடியை ஏற்றுகிறேன்.
பக்கத்து சீட்டில் அர்த்தநாரி
தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜவ்வரிசிக்காரர் போன் அடிக்கிறார்.
இருங்க.
நாலாவது போட்டுப் பார்க்கிறேன்.