முதலையின் முறை

பாணஸ்வாடியில் உலர்குப்பைக்குப்
புதனும் சனியும்.
அந்தச் சனிக்கிழமை வண்டி வருவதற்குள்
பையைக் கவிழ்த்துவிட்டார்கள்:
என் மகன் மகிழ்நன், மேல்வீட்டு அனகா,
கேட்டில் இருக்கும் தாபாவின் பையன் பிபேக்.
ஏழு, ஏழு, ஏழரை.
சனியும் ஏழரையும் ஒன்றாக வந்ததற்கு
நான் சிரித்தது மூவருக்கும் புரியவில்லை.

மழை விட்டபாடில்லை.
கத்தரிக்கோல் எனக்கு, கோந்து அவர்களுக்கு
என்று ஒப்பந்தம்.

கழுவிக் காயவைத்த பால் கவரை
"ஹாலு கவர்" என்று எடுத்துக்கொண்டாள் அனகா.
எங்கள் தளத்தில் ப என்பது
ஒரு மாடி ஏறினால் ஹ.
தீக்குச்சியில் கால் வைத்து
அதைப் பசுவாக்கினாள்,
வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது போல.

ஷாம்பூ பாட்டில் யானையானது.
ஜோடி தொலைத்த சாக்ஸ் தும்பிக்கை.
வயிற்றை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் நுரை வந்தது.
சளி பிடித்திருக்கிறது என்றார்கள்.

முதலை மட்டும் மூவரும் சேர்ந்து செய்தது.
முட்டை அட்டை இரண்டு, வாய் பிளந்தபடி.
பல்லுக்கு என் பிரஷர் மாத்திரை அட்டை.
ஒரு மாதம் நான் விழுங்கியதன் வெற்றுக் குழிகள்
வரிசையாக, வெள்ளியில், இளித்தன.

முதலை என்றான் இவன்.
மொசளெ என்றாள் அவள்.
கோஹி என்றான் பிபேக், மெதுவாக, ஆனால் விடாமல்.
பெயரில் தொடங்கிய சண்டை வீட்டுக்குத் தாவியது:
ராத்திரி அது யாரோடு தூங்கும்?
ஆளுக்கொரு வாரம் என்று எழுதி
பிரிட்ஜில் ஒட்டினேன்.
முதலில் அனகா, அடுத்து நாங்கள், அப்புறம் பிபேக்.

எங்கள் வாரத்தில்
ஷூ அலமாரி மேல் இருந்தது.
வெள்ளிக்கிழமை தூசு தட்டப் போனவள்
வாய்க்குள் பார்த்தேன்.
தொண்டைக் குழியில் இரண்டு.
பட்டாணி அளவு. வெள்ளை.
சுவரில் ஒரு பல்லி,
எதுவும் தெரியாதது போல.

முட்டை அட்டை
தன் வேலையை மறக்கவில்லை.

தினசரி காலண்டரில்
தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று
எல்லாப் பலனும் போட்டிருக்கிறது.
முதலை வாயில் முட்டையிட்டால் என்ன என்று
எங்கும் இல்லை.

"ஹல்லி" என்றாள் அனகா.
இந்த முறை யாரும் சண்டைக்குப் போகவில்லை.

பிபேக்கின் வாரம் வந்தது.
வந்து நின்றான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு
உள்ளே பார்த்தான்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
இப்போது வேண்டாம் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான்.
தினம் சாயங்காலம் அதே ஒற்றைக் கண்.

யானை ஒரு புதன்கிழமை வண்டியேறியது.
பசு, கால்கள் உதிர்ந்து, மறுபடி கவரானது.
அது என்ன அட்டை என்று
கதவிடுக்கு வழியே கேட்டாள் குப்பை எடுக்கும் ரத்னம்மா.
"உள்ளே ஆளிருக்கு" என்றேன்.

அதற்குள் ஏஜென்சி தாபாவை
ஹெண்ணூருக்கு மாற்றிவிட்டது.
ஒரே ராத்திரியில் காலி செய்துகொண்டு போனார்கள்.
கேட்டில் புதியவர்,
பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்.

ஓடுகள் எப்போது உடைந்தன, தெரியாது.
மகிழ்நன் பள்ளியில், நான் ஏதோ மீட்டிங்கில்.
டியூப்லைட் பக்கம்
சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று ஓடியது.
இன்னொன்றை இன்னும் பார்க்கவில்லை.

போன ஞாயிறு அழைப்புமணி.
கீழே சைக்கிளோடு தாபா நிற்க
மேலே மூச்சிரைக்க பிபேக்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
நேரே சமையலறைக்குப் போய்
பிரிட்ஜில் மூன்றாவது வரியைத் தொட்டு
"என் முறை" என்றான்,
தமிழில்.

ஓட்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தரட்டுமா என்றேன்.

இரண்டு கையாலும்
முதலையின் வாயைப் பொத்தினான்.