பித்தளை பீஸ் 13

ஏழுகிணற்றில் லேத் வைத்திருக்கும் கஜபதி
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இன்னாமா இது, தோட்டாவா?"
தோட்டா மாதிரி, என்றேன்.
"மாதிரின்னா?"
வெடிக்காது அண்ணே. உள்ளே மருந்து இல்லை.
உள்ளே என்று ஒன்றே இல்லை.
முழுக் கம்பியைக் கடைந்து தந்தால் போதும்:
பதினோரு மில்லி விட்டம், நாற்பது நீளம்,
அடியில் மெல்லிய விளிம்பு, முனை மழுங்கலாக.

துப்பாக்கியைக் காட்டச் சொன்னார்.
கோரைப்பாய்க்குள் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன்.
ஜெய்ப்பூரிலிருந்து பார்சலில் வந்த பொம்மை,
துத்தநாக உடம்பு, மரநிறம் பூசிய பிளாஸ்டிக் கட்டை,
விரல்கள் நுழைய வளையமாய் ஒரு லீவர்.
பக்கத்து ஷட்டரிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள்.
ஒருவன் லீவரை இறக்கி ஏற்றினான்.
சடக். சடக்.
இன்னொரு தடவை, என்றான் அடுத்தவன்.

கஜபதி மட்டும் சிரிக்கவில்லை.
வெர்னியரைப் பனியனில் துடைத்து
குழல்வாயை மூன்று முறை அளந்தார்.
பித்தளை கிலோ அறுநூற்றைம்பது,
கூலி பீசுக்கு முப்பத்தைந்து.
"பில்லுல தோட்டான்னு எழுத மாட்டேன்,
எவனாவது பாத்தான்னா நான்தான் ஸ்டேஷன்ல குந்தணும்."
பித்தளை பீஸ் 13, என்று எழுதினார்.
குழலுக்குள் பன்னிரண்டுதான் போகும்.
ஒன்று, தொலைவதற்கு.

ராத்திரி காசிமேட்டில், மாடிப்படியில் உட்கார்ந்து
முனைகளுக்குச் செம்புநிற நெயில் பாலிஷ் அடித்தேன்.
யாருக்குடி கல்யாணம், என்றாள் அம்மா,
வரிசையாய் நின்று காய்ந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்து.

பாலைவனம் எண்ணூரில் கிடைத்தது.
அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல்,
கண் போகும் வரைக்கும் ஒரு புல் கிடையாது.
செட்டுச் செலவு மிச்சம் என்று குதித்தான் ரெஜினால்ட்.
குதிரை மிண்ட்டிலிருந்து வந்தது. கல்யாண ஊர்வலக் குதிரை.
நெற்றிச் சரிகையைக் கழற்றிய பின்னும்
பேண்டு வாத்தியம் வரட்டும் என்று நின்றது.

ஏற்றுவது என் வேலை.
பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த குட்டிக் கதவு;
கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும், விட்டால் கடிக்கும்.
பின்னால் வருவதன் மூக்கு
முன்னால் போனதன் அடியை நெட்ட வேண்டும்,
எட்டரை மணி கும்மிடிப்பூண்டி வண்டியில்
இன்னும் ஒருத்தர் ஏறுவது போல.
பன்னிரண்டாவதில் நகம் போனது.

ஸ்டீபன் லீவரை வீசி இறக்க இறக்க
மின்னித் துள்ளி விழுந்தன, சாம்பலில், சத்தமே இல்லாமல்.
முதல் டேக்கில் எல்லாம் கிடைத்தது.
இரண்டாவதில் பதினொன்று. உபரியை உள்ளே போட்டேன்.
நாலாவதில் மறுபடி பதினொன்று.
வெயில் போகுதுடி மெர்லின், என்று கத்துகிறான் அவன்.
முட்டிபோட்டு விரலால் கோதிக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றிலிருந்து கரையேறி வந்த கன்னியம்மா
இறால் பறியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.
"கண்ணால தேடாத. கையாலத் தேடு."
மேலே புகைபோக்கியைப் பார்த்தபடி
சாம்பலுக்குள் விரல்களை நடக்கவிட்டாள்,
சேற்றில் இறால் துள்ளுவதற்குக் காத்திருக்கிறவள்போல.
ஒன்று எடுத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"உள்ள இன்னா கீது?"
ஒன்றுமில்லைக்கா, முழுக்கப் பித்தளை.
"அப்போ வெயிட்டா இருக்கும்."
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
"ரெண்டு கெடச்சுது. ஒண்ணு எனுது.
பையன் வலைக்கு ஈயம் பத்தல."
அவள் தலைப்பில் முடிந்துகொண்டபோதுதான் கணக்குப் பார்த்தேன்.
மிச்சம் சரியாகப் பன்னிரண்டு.

ஐந்தாவது டேக்கில் லீவர் பாதியில் சிக்கி நின்றது.
குழல் முழுக்கச் சாம்பல்.
ஸ்டீபன் எதையோ நடித்துச் சமாளித்தான்.
குதிரை தும்மியது, அது படத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம் எடைக்குப் போட்டேன்.
தராசைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார் கஜபதி.
"ஒண்ணு கொறையுதே?"
ஆற்றில் இருக்கிறது அண்ணே, என்றேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"சுட்டுட்டியா?" என்றார்.