கதவைச் சாத்து

உவாராஸிலிருந்து விடியுமுன்னே கிளம்பியது வேன்.
பதினெட்டுப் பேர், ஒரு பிராணவாயுக் குப்பி,
முன்னிருக்கையில் வழிகாட்டி ஃபிடென்சியோ.
மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னான்:
"தலை சுற்றினால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.
வெட்கப்பட்டு விழுகிறவர்களை
நான்தான் தூக்கி வரவேண்டியிருக்கிறது."

கயாவோ துறைமுகத்தில் ஐஸ் போடுகிறவன் நான்.
இருபத்திரண்டு வருடம்.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தகர அச்சை இறக்கினால்
பதினாறு மணி நேரத்தில் ஒரு கட்டி.
கானாங்கெளுத்திக்கு அடியில் போய்ப் படுத்து
மத்தியானத்துக்குள் சாக்கடையில் இருக்கும்.
டிக்கெட்டை நீட்டிய மகள்,
"ஒருதடவை நிஜ ஐஸைப் பார்த்துவிட்டு வாயேன்" என்றாள்.
பொய் ஐஸிலா உன்னைப் படிக்கவைத்தேன்
என்று கேட்டிருக்கலாம்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வழியில் கோக்கா இலைத் தேநீர்.
காசு எண்ணிக் கொடுப்பதற்குள் ஆறிவிடுகிறது
இந்த உயரத்தில்.

குதிரைக்காரி டொமிட்டிலா பத்து சோல் கேட்டாள்.
"போன வருடம் ஏழு என்றார்களே?"
"போன வருடம் பனி இன்னும் கிட்டத்தில் இருந்தது, ஐயா.
தூரத்துக்குத்தானே கூலி."
கடிவாளத்தை என்னிடம் தராமல்
தானே பிடித்துக்கொண்டு நடந்தாள்.
என்னைவிட வேகமாக மூச்சுவிட்டது குதிரை.

அதற்குமேல் கால்நடைதான்.
பத்தடி. நிற்பது. இன்னும் பத்தடி.
நெஞ்சுக்குள் யாரோ
சுத்தியலால் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தெரிந்தது அழுக்கு.
சாம்பல், புழுதி, விளிம்பில் சரளைக்கல்.
எங்கள் தளத்தில் என்றால்
இதைக் கழுவாமல் மேற்பார்வையாளர் தொடமாட்டார்.
பிறகுதான் அடிவயிற்றில் அந்த நீலம்.
உள்ளிருக்கும் காற்றெல்லாம் நெரிபட்டு வெளியேறினால்தான்
அது வரும்.
எங்கள் கட்டிகளின் நடுவில் வெள்ளையாய் ஒரு தண்டு நிற்கும்.
அவசரத்தின் நிறம் அது.
படகுக்கு அவசரம், முதலாளிக்கு அவசரம்,
மீனுக்குச் சொல்லவே வேண்டாம்.

கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று
பதினேழு பேரும் படம் எடுத்தார்கள்.
எனக்குக் காதில்தான் விழுந்தது:
சொட்டு.
சொட்டு, சொட்டு.
அடியில் எங்கோ கூடிப்போய் ஒழுகும் சத்தம்.
குளிரறையில் அது கேட்டால்
யார், எங்கே, என்ன வேலையில் இருந்தாலும்
ஒரே வார்த்தைதான்.

"கதவைச் சாத்து!"

கத்திவிட்டேன்.
ஐயாயிரம் மீட்டருக்கு மேலே, மூச்சில்லாத குரலில்.
செல்ஃபிக் கம்புகள் திரும்பின.
ஃபிடென்சியோ குப்பியோடு ஓடிவந்தான்.
"உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றும் பயமில்லை,
தள்ளி நில்லுங்கள்."
மூக்கின்மேல் ரப்பர் வாடை.
நான் மறுக்கவில்லை.
முகமூடிக்கு மேலே கண் மட்டும் தேடிக்கொண்டிருந்தது,
சிகரத்துக்கும் வானத்துக்கும் நடுவே,
கீல் எந்தப் பக்கம்,
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று.

இறக்கத்துக்குப் பாதிக் கூலி.
"அங்கே என்னவோ கத்தினீர்களாமே?"
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
சட்டென்று நின்று
கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.
"ஐயய்யோ, ஆட்டுப்பட்டிக் கதவு!
காலையில் சாத்தினேனா?"
அப்புறம் அவள் நடந்த நடையில்
குதிரை ஓட்டமெடுத்தது.
இரண்டு கையாலும் பிடரியைப் பற்றிக்கொண்டு
குலுங்கிக் குலுங்கி இறங்கினேன்,
கால்வளையம் ஒன்று நழுவி
கல்லில் மோதி மோதி வர.