எட்டு கிலோமீட்டர்

விசா படிவத்தில் ஒரு கட்டம்:
எந்தெந்த நாள், எந்த ஊர், எந்தக் கூரை.
ஃபசீலா தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து
பென்சிலால் நிரப்புகிறாள்,
அழிக்க வசதியாக.

புதுச்சேரி ஏஜென்ட் சிரித்தார்.
நடக்கவா? அவ்வளவு தூரம் பறந்துபோய்
நடக்கவா மேடம்?
புல்லட் ரயில் உண்டு, ஃபூஜி உண்டு,
ஏழு நாள் பேக்கேஜில் இட்லியும் உண்டு.
எல்.ஐ.சி. க்ளெய்ம் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நான்.
பேக்கேஜ் என்றால் அடியில் பொடி எழுத்து இருக்கும்.
நடக்கத்தான் என்றேன்.

மகோமேயிலிருந்து ட்சுமாகோ.
எட்டு கிலோமீட்டர், கல் பாவிய மலைவழி.
நடுவில் ஒரு டீக்கடை,
கட்டாயம் காசு தரவேண்டியதில்லையாம்.
அப்ப கடை எப்படி ஓடும்?
கடைக்காரியின் கேள்வி.

விடியற்காலை ஐந்தரைக்குப் பயிற்சி.
முதுகுப்பையில் ஆளுக்கு ஐந்து கிலோ பொன்னி அரிசி.
ஏற்றத்துக்குக் கெடிலத்துப் பாலம்;
ஏறி இறங்கி ஏறி இறங்கி
பால்காரர் வண்டியை நிறுத்தினார்:
என்னம்மா தொலைச்சீங்க?
ஞாயிறுகளில் கேப்பர் மலை.
பெயர்தான் மலை.
மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள்
உச்சி முடிந்து முந்திரித் தோப்பு வந்துவிடும்.

பீச் ரோட்டில் மட்டும் ஒரு வழக்கம்.
தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
ஃபசீலா திரும்பிவிடுவாள்.
நானும் திரும்புவேன்.
பேசிக்கொண்டதில்லை.

மொழிக்குக் கைப்பேசியில் ஒரு பெண்குரல்.
சுமிமாசென் வந்துவிட்டது. மிஸு வந்துவிட்டது.
'ட்சு' வரவில்லை.
சுமாகோ என்றால் டொய்ங்.
துமாகோ என்றாலும் டொய்ங்.
ஆதார் நகலெடுக்க வந்த பையன் காத்திருந்து பார்த்துவிட்டு
"இங்கிலீஷ்ல சுனாமிக்கு முன்னாடி ஒரு டி வருமே,
அதான்க்கா" என்றான்.
பதினெட்டு இருக்கும் அவனுக்கு.

மெஷினின் வெளிச்சம்
கண்ணாடிக்குக் கீழே ஒருமுறை போய்வந்தது.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.
அவன் போனபின் கேட்டாள்:
அது அவங்க வார்த்தையா?

அந்த ஜனவரி முழுக்க
'காரணம்' என்ற இடத்தில்
நான் எழுதி எழுதித் தேய்ந்த சொல்.
யாருடையது என்று கேட்டதேயில்லை.

என்ன அர்த்தம்?
தேடிச் சொன்னேன். துறை. அலை.
அவ்வளவுதானா.
அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் ஸ்டேப்ளருக்குப் பின் நிரப்பினாள்.
பிறகு கைப்பேசியை வாயருகே வைத்து
ட்சு, என்றாள். ட்சுமாகோ.
டொய்ங் வரவில்லை.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததாகத்தான்
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
இன்னொரு பாதை இருந்தது,
இறங்குமிடமெல்லாம் நீலம், படத்தில் அவ்வளவு அழகு.
வேண்டாம் என்றவள் அவள்.
மகோமே மேல் விரலை வைத்து
இங்கேயிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.
பஸ் செலவுக்குக் கேட்கிறாள் என்று
உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று வழிக்குறிப்பில் ஒரு செய்தி:
பாதையில் அங்கங்கே மணி தொங்குமாம்.
பலமாக அடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.
எதுக்கு?
கரடிக்கு.
அடிச்சா?
ஆள் வருதுன்னு தெரிஞ்சு அதுவே விலகிப் போயிடும்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
நல்ல பிராணி, என்றாள்.

ஷட்டரை இறக்கும்போது
நாளைக்கு ஆறு கிலோ போடலாம் என்றாள்.