பத்து புள்ளி இரண்டு

லிமாவில் ஜூலை மாதம் வானம் ஈரச் சாம்பல்.
தூறல் என்று குடை விரித்தால் நின்றுவிடும்,
மடித்தால் சட்டை நனைந்திருக்கும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள்.
மஞ்சள் பூச்சு வழுக்குகிறது.
என் பையில் தராசு, ஊசி, பஞ்சு,
இரும்புப்பொடிப் பொட்டலங்கள் முப்பது,
ஒரு வாழைப்பழம். அது எனக்கு.

ஒன்பதாவது வீடு. தகரக் கதவு, நீலப் பீப்பாய்.
செனைதா தையல் பட்டறைக்குப் போய்விட்டாள்.
கதவைத் திறந்தவன் எடில்பெர்த்தோ,
ராத்திரி ஆட்டோ ஓட்டிய கண்கள்,
தோளில் இல்யாரி, பதினொரு மாதம்.

விரல் நுனியில் ஒரு குத்து.
அழுகை வருமுன் ஒரு கணம்
என்னை அவள் பார்க்கும் பார்வை இருக்கிறதே,
பதினாறு வருடமாகியும் பழகவில்லை.
ஒரு சொட்டை வாங்கிக்கொண்டு
கருவி யோசித்தது.
பத்து புள்ளி இரண்டு.
போன மாதம் பத்து புள்ளி நாலு.

"தினமும் கொடுக்கிறோம், செஞ்ஞோரா."

கொடுத்தீர்களா என்று நான் கேட்பதை
விட்டு வெகுகாலம் ஆகிறது.
அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான்.
"எப்படிக் கொடுக்கிறாய், காட்டு" என்றேன்.

பொட்டலத்தைக் கிழித்தான்.
ஒரு கிண்ணம் நிறைய சூப்பில் கொட்டினான்,
அக்கறையாகக் கலக்கினான்.
குழந்தை மூன்று கரண்டி குடித்தது,
நாலாவதைத் தட்டிவிட்டது.
மிச்சத்தை, சொல்லி வைத்தாற்போல்
வாசலில் காத்திருந்தது நாய்.

கருகருவென்று மின்னும் அதன் முதுகைப் பார்த்தேன்.
இந்த மலையிலேயே ரத்தம் வலுத்த உயிர்
அதுதான்.

சிரித்துவிட்டேன். அவனும்
தாமதமாக, காது சிவக்க.

சரி, உட்கார்.
தண்ணி சூப் வேண்டாம். வயிறு நிறையும், குழந்தை நிறையாது.
உருளைக்கிழங்கை மசி,
கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம்.
அதில் இரண்டே கரண்டி தனியே எடு,
பொடி முழுவதும் அதில்.
ஆவி அடங்கிய பிறகு.
பசி உச்சத்தில் இருக்கும்போது அதுதான் முதலில்,
மற்றதெல்லாம் பின்னால்.
சந்தையில் கோழி ரத்தம் மலிவு,
வெங்காயம் போட்டு நன்றாகப் பொரித்து உதிர்த்துக் கொடு.
பருப்பென்றால் எலுமிச்சை இரண்டு சொட்டு.
சாப்பாட்டோடு டீ கூடாது.
ஆம், நீ குடி. அவளுக்குக் கூடாது.
மலம் கறுக்கும். பயந்து நிறுத்தாதே,
பாதிப் பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

அவன் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டான்:
மசி. இரண்டு. முதலில்.

அப்புறம் வழக்கமான பாடம்: கை கழுவு,
சோப்பு போட்டு, ஓடும் நீரில்.
படம் போட்ட தாளை நீட்டினேன்.
அதில் ஒரு குழாய், திறந்தபடி,
நீலக் கோடுகளாகத் தண்ணீர்.
அவன் தாளைப் பார்த்தான்.
பிறகு பீப்பாயை.
அடியில் ஒரு சாண்.
லாரி வந்து ஐந்து நாள்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன்.
என் குடிதண்ணீர் போத்தலின் மூடியில்
ஆணியால் துளை போட்டோம்,
சாய்த்தால் நூல்போல் ஒழுகியது.
இரண்டு கைகளுக்கு அது போதும்,
போதும் என்றுதான் சொன்னேன்.

அன்று மசியலின் முதல் வாய் என் மேல் துப்பப்பட்டது.
இரண்டாவதை அப்பாவின் விரலிலிருந்து
சப்பி எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் மறுபடி ஏறினேன்.
பத்து புள்ளி ஆறு.
நாய் என்னைக் கண்டு வாலாட்டவில்லை.
சுவரில் நாளுக்கொரு கோடு,
வரிசையாக, பெருமையாக,
நடுவில் மட்டும் நாலு விரல் இடைவெளி.

"இது?"

"லாரி வரவில்லை, செஞ்ஞோரா.
மசிக்கக் கிழங்கை எதில் வேகவைப்பது?"

என் படிவத்தில் எடைக்குக் கட்டம் உண்டு,
உயரத்துக்கு, தடுப்பூசிக்கு,
தாயின் ஒத்துழைப்புக்குக்கூட உண்டு.
லாரிக்கு இல்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
சின்ன எழுத்தில் எழுதினேன்.
பிறகு அதன் மேலேயே
இன்னும் அழுத்தி எழுதினேன்.