ஆயிரத்து முன்னூற்று அறுபது

ஒரு கிளவுட் ஜொகூரில்,
இன்னொன்று சிங்கப்பூரில்.
நடுவில் நான் போட்ட சுரங்கம்.
மேகத்துக்குள் சுரங்கமா என்று
சிரித்திருப்பாய், லோகா,
நாம் பேசிக்கொண்டிருந்த காலமாயிருந்தால்.

இரவு இரண்டே முக்கால். பீச் ஸ்ட்ரீட் அலுவலகத்தில்
நானும் ஷின் யீயும்
பிளாஸ்டிக் பையில் ஆறிப்போன கோப்பி-ஓவும்.
பிங் போகிறது, வருகிறது, எட்டு மில்லிசெகண்டில்.
"லைன் உயிரோடதான் இருக்கு" என்கிறாள்.
ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்கள் மட்டும்
பாதியில் நின்று
வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கின்றன.

ரூட் டேபிளை வரி வரியாய்ப் பார்த்தோம்.
இரண்டு பக்கமும் ஒரே முகவரியோ என்று சந்தேகித்தோம்; இல்லை.
ஃபைசாலை எழுப்பித் திட்டு வாங்கினோம்.

நாலு மணிக்குப் பிடிபட்டது.
சுரங்கத்துக்குள் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும்
மேலே ஓர் உறை,
அதற்கும் மேலே பூட்டுப் போட்ட இன்னோர் உறை.
சின்னது நுழைந்துவிடும்.
நிரம்பியது உறையோடு பருத்து வாசலில் இடிக்கும்.
இடித்த இடத்திலிருந்து
'பெருசா இருக்கு, குறைச்சு அனுப்பு' என்று
ஒரு பதில் கிளம்பத்தான் செய்கிறது.
அதைத்தான் எங்கள் ஃபயர்வால்
ஏதோ வேண்டாத சத்தமென்று கொன்றுகொண்டிருந்தது
பதினோரு நாளாக.
அந்த விதியை எழுதியவன் நான்.

ஆயிரத்து முன்னூற்று அறுபது பைட்,
அதற்கு மேல் வேண்டாமென்று இரு முனைக்கும் சொன்னேன்.
முதலில் வந்து சேர்ந்தது
யாருடையதோ இடது மணிக்கட்டு.
வெள்ளையாய், மெல்லிய விரிசலோடு.
ஷின் யீ பார்க்கவில்லை. மேசையில் தலை சாய்த்துத்
தூங்கியிருந்தாள்.

காலை ஃபெரியில் பட்டர்வொர்த் திரும்புகிறேன்.
கார்களை இப்போது இதில் ஏற்றுவதில்லை;
மோட்டார்சைக்கிள், சைக்கிள், ஆட்கள்.
கனத்ததெல்லாம் பாலத்தில் போகட்டும்.

சாப்பிட்டாச்சா. ஆச்சு.
அங்கே மழையா. இல்லை.
எட்டு மாதமாய்ச் செந்தூலுக்கும் எனக்கும் நடுவே
போய்வருவது இவ்வளவுதான்.
நான்கு பக்கத்துக்கு எழுதிய ஒன்று
போனில் அப்படியே கிடக்கிறது.
நீ எப்போதோ ஏதோ சொல்லி
அதை நான் வாசலிலேயே கொன்றேனோ, தெரியவில்லை.

நான்கு பக்கத்தை அழிக்கவில்லை.
அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டினேன்:
அலமாரிச் சாவி தொலையவில்லை. என்னிடம்தான் இருந்தது.

ஒரு டிக்.
ஃபெரி கரையில் மோதி நிற்க
முன்னால் இருப்பவன் எஞ்சினை முடுக்குகிறான்.